தலைக்கு மேல் ஓர் அம்மி

ஒரு தீவில் ஒரு வீடு இருந்தது. சின்ன வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு வாசல். கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே சிமென்ட்டில் ஒரு பரண்.

வீட்டுக்காரன் பேர் பூமிநாதன். பேர்தான் அப்படி. பூமி சொன்ன எதையும் அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை. கப்பல் அணையும் ஜெட்டியில் வேலை. கப்பல் வந்தால் கயிறு வாங்கிக் கட்டுவான். கிளம்பினால் அவிழ்த்துவிடுவான். அவன் மனைவி வேணி, தலைப் பிரசவத்துக்குக் கப்பலேறித் தாய்வீடு போயிருந்தாள்.

ஆள் இல்லாத நேரத்தில் வீட்டுச் சாமான்கள் பேசிக்கொள்ளும். எல்லா வீட்டிலும் உண்டு. மனிதர்களுக்குக் கேட்காது. கேட்டால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

அந்த வீட்டில் அதிகம் பேசுவது குழவி. கேட்டாலொழியப் பேசாதது தரை. கவலைப்படுவது அம்மி. அம்மி இருந்த இடம் பரண்.

முப்பது கிலோ கல் பரணுக்கு எப்படிப் போனது?

வேணி கல்யாணத்தில் மிதித்த அம்மி அது. பூமிநாதன் அவள் காலைப் பிடித்து அதன்மேல் வைத்துத்தான் மெட்டி போட்டான். ஆகவே அதை வீட்டை விட்டு வெளியே போடக் கூடாது என்பது வேணியின் கட்சி. மிக்ஸி வந்த பிறகு இதற்குக் கீழே இடம் கிடையாது என்பது பூமிநாதன் கட்சி. வெளியேயும் கூடாது, கீழேயும் கூடாது. மிச்சம் இருந்தது மேலே. ஏற்றினார்கள். மறந்தார்கள். பரணுக்குப் போனதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

பிறகு, வேணி தாய்வீடு போவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமி ஆடியது.

சாதாரண ஆட்டம் இல்லை. தீவில் பாதி வீடு உட்கார்ந்துவிட்டது. ஜெட்டி இரண்டாகப் பிளந்தது. பள்ளிக்கூடம் சரிந்தது. விடுமுறை நாள், பிள்ளைகள் பிழைத்தார்கள். இந்த வீடு நின்றது. நின்ற வீட்டுக்குள் என்ன நடந்தது என்றால், முதலில் பரணிலிருந்து குழவி உருண்டு விழுந்தது. அடுத்து அம்மி நகர்ந்து வந்து, கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் இறங்கியது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று வேணி அப்போதுதான் எழுந்து போயிருந்தாள். கட்டில் நடுவே முறிந்தது.

வெளியே ஓடலாம் என்றால் வாசல்நிலை கோணிக் கதவு இறுகிப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அந்தோணி கடப்பாரையால் ஜன்னல் கம்பியைப் பெயர்த்து இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டான்.

கொஞ்ச காலம் எல்லோரும் அதையே பேசினார்கள். அப்புறம் சிமென்ட் வந்தது, விரிசலை மூடினார்கள். கதவை இழைத்து மாட்டினார்கள். புதுக் கட்டில் வாங்கினார்கள். கூடத்தில் கிடந்த அம்மி பூமிநாதன் காலில் இடித்தது. "அந்தோணி, ஒரு கை பிடி" என்றான். இரண்டு பேரும் அதைத் தூக்கி எங்கே வைத்தார்கள்?

பரணில்.

"மறுபடியும் இங்கேயேவா!" என்றது அம்மி.

"ஏன், நல்ல காத்து, நல்ல வெளிச்சம். தெரு முழுக்கத் தெரியுது" என்றது குழவி.

"அடேய், நான் ஒரு உயிரை எடுத்திருப்பேன்."

"எடுக்கலையே! கட்டில்தானே போச்சு."

"கட்டில்தானேயா?" என்று கீழேயிருந்து புதுக் கட்டில் கேட்டது. "எனக்கு முன்னால இந்த இடத்துல நின்னவன்டா அவன். கொஞ்சம் மரியாதையாப் பேசு."

அம்மி தரையைக் கூப்பிட்டது. "தரையண்ணே, மறுபடி வருமா?"

"வரும்" என்றது தரை.

"எப்போ?"

"தெரியாது."

"தெரியாம எப்படி வரும்கிறீங்க?"

"போன தடவை தெரிஞ்சா வந்துச்சு?"

பீரோ சிரித்தது. நெடுநெடுவென்று வளர்ந்த பீரோ. நெஞ்சில் கண்ணாடி. தலையில் இரண்டு பெட்டியும் ஒரு பித்தளை அண்டாவும். "எல்லாம் வராது. ஒருதரம் வந்து இவ்வளவு அடிச்சு நொறுக்கினது, அதே வீட்டுக்கு மறுபடி எந்த மூஞ்சியோட வரும்?"

"ஏன், மாமியார் வரலையா?" என்றது கதவு.

எல்லாம் சிரித்தன. அம்மி மட்டும் சிரிக்கவில்லை. பேச்சும் அத்தோடு நின்றது.

ஒருநாள் காலையில் பூமிநாதன் சீட்டியடித்துக்கொண்டே ஸ்டூல் மேல் ஏறினான். பரண் விளிம்புக்கு முன்னால் கூரையில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதில் வேணியின் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் ஆக்கினான். இழுத்துப் பார்த்தான். ஆட்டிப் பார்த்தான். வேணியும் குழந்தையும் வரும் கப்பல் மறுநாள்.

"வணக்கம்!" என்றது தொட்டில். "நான் முன்னாடி சேலை. இன்னிலேருந்து தொட்டில். எனக்குள்ளே ஒரு பாப்பா வரப்போகுதாம். மேலே யாரு இருக்கீங்க?"

குழவிகூட வாயை மூடிக்கொண்டது.

"மேலே யாருன்னு கேட்டேனே?"

"யாரும் இல்லை" என்று பொய் சொன்னது அம்மி. பிறகு கட்டிலைப் பார்த்து மெதுவாகக் கேட்டது. "நான் விழுந்தா எங்கே விழுவேன்?"

கட்டில் மேலேயும் கீழேயும் பார்த்தது. "நேரா அதுக்குள்ள."

கப்பல் வந்தது. பெண் குழந்தை. உருண்டை முகம், தலை நிறைய முடி. தொட்டிலில் போட்டார்கள். அம்மிக்கு அன்று முதல் உறக்கம் இல்லை. தெருவில் லாரி போனாலே உடம்பைக் குறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டியது. கல் எங்கே ஒட்டுவது!

ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில் அம்மி எல்லோரையும் கூப்பிட்டது. "நான் கீழே இறங்கணும். ஏதாவது வழி சொல்லுங்க."

"ஒரே வழிதான்" என்றது குழவி. "மிக்ஸி செத்தா நம்மை இறக்குவாங்க."

வேடிக்கைக்குத்தான் சொன்னது. ஆனால் எல்லாச் சாமானும் திரும்பி மிக்ஸியைப் பார்த்தன.

"என்ன எல்லாரும் என்னைப் பாக்குறீங்க?" என்றது மிக்ஸி.

யாரும் கண்ணை எடுக்கவில்லை.

"முடியாது! எனக்கு இன்னும் வாரண்டிகூட முடியலை. ஏ அம்மி, உன்னை மிதிச்சுக் கல்யாணம் பண்ணினாங்க. உன்னைத் தூக்கி எறிய மாட்டாங்க. நான் கெட்டுப் போனா? என் பேரு குப்பை. என் வயரை அறுத்துட்டு அனுப்பிருவாங்க."

"அதுவும் சரிதான்" என்றது அம்மி. "கேட்டிருக்கக் கூடாது."

மறுநாள் சின்னதாக ஓர் ஆட்டம். பாத்திரங்கள் கிணுகிணுத்தன. அவ்வளவே. வேணி குழந்தையை அள்ளிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். "ஒண்ணும் இல்லை, போயிருச்சு" என்றான் பூமிநாதன். அம்மி ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. மிக்ஸி பார்த்தது.

அன்று மாலை வேணி தேங்காய் அரைத்தாள். மிக்ஸி போட்ட சத்தத்தில் தொட்டிலில் ஒரு துள்ளல். அழப்போகிறது என்று வேணி ஓடினாள். குழந்தை அழவில்லை. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. நிறுத்தினாள், சிரிப்பு நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி சிரித்தது.

"ஏங்க, இங்க வாங்க! உங்க பொண்ணு மிக்ஸியைப் பார்த்துச் சிரிக்கிறா!"

ஆள் வெளியே போனதும் மிக்ஸி கரகரத்த குரலில் சொன்னது. "என் சத்தம் கேட்டா எல்லாரும் காதைப் பொத்துவாங்க. டிவி பாக்கிறவங்க திட்டுவாங்க. இதுவரைக்கும் யாரும் சிரிச்சதில்லை."

"அதுக்கு?" என்றது பீரோ.

"அதுக்கு ஒண்ணுமில்லை. நாளைக்கு மருந்து அரைக்கப் போறா. சுக்கும் மஞ்சளும் நல்லா கெட்டியா இருக்கு. என் அடியில ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. பாரம் தாங்கலைன்னா அதை விட்டுருவேன், கரண்ட் நின்னுரும், உயிர் பிழைச்சுக்குவேன். நாளைக்கு விடப்போறதில்லை."

அப்படியே செய்தது. வேணி பிள்ளை பெற்றவள் சாப்பிடும் மருந்துக்கு எல்லாவற்றையும் ஜாரில் போட்டுத் திருகினாள். மிக்ஸி உறுமியது, திணறியது, பொத்தானை மட்டும் விடவில்லை. கருகல் வாடை வந்தது. புகை வந்தது. நின்றுவிட்டது.

பூமிநாதன் கவிழ்த்துப் பார்த்தான். "மோட்டார் காயில் கருகிப் போயிருச்சு."

"மாத்திட்டு வாங்க."

"இந்தத் தீவுல காயிலுக்கு எங்கே போக? கப்பல்ல வந்தாத்தான்."

"அதுவரைக்கும் மருந்துக்கு என்ன பண்ண?"

பக்கத்து வீட்டு மிக்ஸி இருந்தது. அதை வாங்கி அரைத்துவிட்டால் மிக்ஸி செத்தது வீண். நல்லவேளை, அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா வாய் உள்ளவள்.

"அண்ணே, என் மிக்ஸில நேத்துதான் நண்டுக்கு மசாலா அரைச்சேன். கழுவியும் வாடை போகலை. பச்சை உடம்புக்காரிக்கு அதுலயா மருந்து அரைக்கப் போறீங்க? உங்க வீட்டுலதான் அம்மி இருக்கே. என்ன அழகுக்கு வச்சிருக்கீங்க?"

"அட, ஆமா" என்றான் பூமிநாதன். அப்போதுதான் நினைவு வந்தது.

அந்தோணி வந்தான். ஸ்டூல் போட வேண்டும். ஸ்டூல் போடத் தொட்டில் இடைஞ்சல். வேணி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பூமிநாதன் தொட்டிலை அவிழ்த்து ஓரமாகப் போட்டான். அந்த இடத்திலேயே ஸ்டூலைப் போட்டு ஏறினான். குழவியை முதலில் எடுத்துக் கொடுத்தான். பிறகு அம்மியைப் பிடித்தான்.

அம்மி அசையவில்லை. "மச்சான், மூச்சைப் பிடிச்சுத் தூக்கு" என்றான் அந்தோணி கீழேயிருந்து.

"தூக்குறேன்டா! என்னடா இது, இந்தக் கனம் கனக்குது!"

"ஏத்தும்போதும் இதே கல்தான், மச்சான்."

விளிம்பு வரைக்கும் இழுத்தான். நரம்பு புடைத்தது. அந்தோணி கையில் பாதி இறங்கும்போது பிடி நழுவியது. இருவரும் குதித்து விலகினார்கள். அம்மி தரையில் விழுந்தது. வீடே ஒருமுறை அதிர்ந்தது. தரையில் ஒரு குழி.

"மன்னிச்சுக்கோ தரையண்ணே" என்றது அம்மி.

"பரவாயில்லை" என்றது தரை. "எனக்குத்தானே."

வேணி குழியைப் பார்த்தாள். குழிக்கு நேர் மேலே கூரையைப் பார்த்தாள். தொட்டில் வளையம் தெரிந்தது. கையில் இருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இத்தனை நாளும் இது எங்கே இருந்துச்சு?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை.

பூமிநாதன் விரலால் மேலே காட்டினான்.

"போன தடவை என் தலையணை மேல விழுந்துச்சு. இதுதானே?"

"இதுதான்."

"அதைத் திரும்ப அங்கேயே வச்சீங்க."

"நீதானே வெளியே போடக் கூடாதுன்னு..."

"வெளியே போடாதீங்கன்னேன். என் பிள்ளை தலைக்கு மேல வைங்கன்னா சொன்னேன்?" குரல் உடைந்தது. மறு நொடி கோபம் வந்தது. "ஊர்க் கப்பலையெல்லாம் கயிறு போட்டுக் கட்டுறீங்க. கப்பல் தண்ணில நிக்குது, ஆடும்னு தெரியும், கட்டுறீங்க. வீட்டுல ஒரு பீரோவைக் கட்டியிருக்கீங்களா?"

"தங்கச்சி கேக்குறது நியாயம்தானே, மச்சான்" என்றான் அந்தோணி.

"நீங்க வாயை மூடுங்க. நம்ம வீட்டுல கட்டியிருக்கீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

அந்தோணி வாயை மூடினான்.

வேணி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "இறக்குங்க."

இறக்கினார்கள். பித்தளை அண்டா இறங்கியது, பெட்டிகள் இறங்கின, யாரும் திறந்தே பார்க்காத ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அதில் எப்போதோ சுவரில் பதித்து மிஞ்சிய ஓடுகள். பூமிநாதன் தலையில் அடித்துக்கொண்டான். பரணில் மிஞ்சியது பஞ்சும் துணியும்.

அப்புறம் இரும்புப் பட்டையும் துளை போடும் மெஷினுமாக அந்தோணி பீரோவிடம் வந்தான்.

"ஐயோ! என் முதுகில துளையா?" என்று பீரோ கத்தியது. "நான் யாரு, என் பாலிஷ் என்ன! கண்ணாடி வச்ச பீரோவைக் கட்டிப் போடுறதா? நான் என்ன மாடா?"

துளை போட்டார்கள். சுவரோடு சேர்த்து முடுக்கினார்கள். பீரோ கொஞ்ச நேரம் உம்மென்று இருந்தது. பிறகு ஆச்சரியமாகச் சொன்னது. "அட! பிறந்ததுலேருந்து விழுந்துருவோமோ விழுந்துருவோமோன்னே நின்னிருக்கேன் போலிருக்கு. இப்பத்தான் தெரியுது." அன்று மத்தியானமே குறட்டை விட்டது.

காஸ் சிலிண்டருக்கும் ஒரு சங்கிலி விழுந்தது. வாசல் பக்கம் ஆணியில் ஒரு பை தொங்கியது. உள்ளே டார்ச், தண்ணீர் பாட்டில், குழந்தைத் துணி. டார்ச் அலுத்துக்கொண்டது. "வேலை ஒண்ணும் இல்லையா?" "இல்லாம இருக்கிறதுதான் உன் வேலை. தூங்கு" என்றது பை.

பூமிநாதனுக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. எந்த நேரத்திலும் "ஆடுது!" என்று கத்துவான். சாப்பிடும்போது கத்துவான். வேணி தலை வாரும்போது கத்துவான். உடனே எல்லோரும் கூடத்து மேஜைக்கடியில் போக வேண்டும். ஸ்டெல்லா இடுப்பில் கைவைத்து ஜன்னல் வழியே பார்ப்பாள். "அண்ணே, பூமி சும்மாதான் இருக்கு. ஆடுறது நீங்கதான்."

"நீயும் உள்ள வா."

"எங்க வீட்டு மேஜை எனக்குப் போதும். இவரு உள்ள போனாத்தான் எனக்கு இடம் இல்லை."

கப்பல் வந்தது. காயில் வந்தது. மிக்ஸிக்கு உயிர் வந்தது. கண் விழித்ததும் முதலில் கேட்டது, "பாப்பா எங்கே?"

"இருக்கா. தொட்டில் இப்ப உள்சுவர் பக்கம். மேலே ஒண்ணும் இல்லை" என்றது அம்மி.

"என்னைக் குப்பையில போடலையா?"

"போடலை. உன் சத்தம் இல்லாம அவ சிரிக்கலையாம். வேணி ஒவ்வொரு கப்பலுக்கும் ஆள் அனுப்பினா."

"அப்போ சீக்கிரம் ஏதாவது அரைக்கட்டும்" என்றது மிக்ஸி.

அப்போதுதான் பூமிநாதன் அம்மியைப் பார்த்தான். கூடத்து நடுவில் கிடந்தது. காலில் இடித்தது. "மிக்ஸிதான் வந்திருச்சே. இனி இது எதுக்கு? அந்தோணி, ஒரு கை பிடி" என்றான். பழக்கதோஷம். அவன் கண் தானாக மேலே போனது.

வீட்டில் ஒரு சாமானும் மூச்சு விடவில்லை. பீரோவின் குறட்டைகூட நின்றது.

"எங்கே தூக்குறீங்க?" என்றாள் வேணி.

"எங்கேயும் இல்லை. சும்மா நகர்த்தலாம்னு."

"நகர்த்துங்க. கதவுகிட்ட வைங்க. போன தடவை இந்தக் கதவு நம்மளை உள்ள வச்சு இறுகிக்கிச்சு. நாம முழிச்சிருக்கிற நேரமெல்லாம் இது திறந்தே இருக்கணும். இதைவிடப் பெரிய முட்டு எங்கே கிடைக்கும்?"

வாசல் கதவை முழுக்கத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி அம்மியை முட்டுக் கொடுத்தார்கள். பக்கத்தில் குழவி.

"அப்பாடா" என்றது கதவு. "அன்னிக்கு இறுகினது நான் இல்லை, நிலை கோணிச்சு. சொன்னா யாரு நம்புறா? கெட்ட பேரு எனக்கு. இனிமே நீ இருக்கே."

"இருக்கேன்" என்றது அம்மி. "நகர மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்."

ஒருநாள் காலை வந்தது.

வேணி சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டிலில் சிரித்துக்கொண்டிருந்தது. பூமிநாதன் தோசை தின்றுகொண்டிருந்தான். யாரும் கேட்காமல் தரை பேசியது. அதுவே முதல் தடவை.

"வருது."

தூரத்தில் லாரிக் கூட்டம் வருகிற மாதிரிச் சத்தம். வீடு ஒருதரம் குலுங்கியது. "ஆடுது!" என்றாள் வேணி. இந்த முறை கத்தியது அவள். மிக்ஸியை அணைத்தாள், குழந்தையை அள்ளினாள், மேஜைக்கடியில் இருந்தாள். பூமிநாதன் பக்கத்தில் வந்து விழுந்தான். கையில் பாதித் தோசை அப்படியே இருந்தது.

வீடு இடமும் வலமுமாக ஆடியது. பீரோ முன்னால் சாய்ந்தது. பட்டை இழுத்தது. "பிடி! பிடி!" என்றது பீரோ. "பிடிச்சிருக்கேன், கத்தாதே" என்றது பட்டை. சிலிண்டர் சங்கிலியில் முட்டி முட்டி நின்றது. வாசல்நிலை முறுகியது. கதவு சாத்திக்கொள்ளத் துடித்தது.

"அம்மி, தள்ளுது, என்னைத் தள்ளுது!"

"தள்ளட்டும்."

குழவி இரண்டு சுற்று உருண்டது. "போறேன், போறேன்!" என்று அலறியது. சுவரில் முட்டி நின்றது. உருண்டு விழுவதற்கு அங்கே பள்ளம் இல்லை.

நின்றது.

தூசி இறங்கியது. மேஜைக்கடியிலிருந்து மூன்று பேரும் வந்தார்கள். பையை எடுத்தார்கள். திறந்த வாசல் வழியாக, அம்மியைத் தாண்டி, நடந்து வெளியே போனார்கள். கடப்பாரைக்கு வேலை இல்லை. தெருவில் ஸ்டெல்லாவும் அந்தோணியும் முழுசாக நின்றார்கள்.

"அண்ணே, இன்னிக்கு நீங்க இல்லை, பூமிதான்" என்றாள் ஸ்டெல்லா. சொல்லிவிட்டு அழுதாள். பிறகு பூமிநாதன் கையைப் பார்த்துச் சிரித்தாள். தோசை இன்னும் இருந்தது.

சாயங்காலம், சுவரெல்லாம் தட்டிப் பார்த்த பிறகு உள்ளே வந்தார்கள். இரண்டு டம்ளர் உருண்டு கிடந்தது. சட்னி கொட்டியிருந்தது. பரணிலிருந்து ஒன்றே ஒன்று விழுந்திருந்தது. பழைய தொட்டில் இடத்தில், அந்தக் குழியின் மேலே கிடந்தது.

ஒரு தலையணை.

பூமிநாதன் அதை எடுத்தான். தூசி தட்டினான். பரணை நோக்கிக் கையைத் தூக்கினான்.

வேணி பார்த்தாள்.

"தலையணைதானே, வேணி."

"அன்னிக்கும் அம்மிதானேன்னுதான் வச்சோம்."

அவன் கையை இறக்கினான்.